வாசலில் பழுது பார்த்த கார்: மாருதி 800-உம் நம்ம திருச்சியும்

வரும் பொதுக்குழுக் கூட்டத்துக்கான சுற்றறிக்கை உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அதில் நான்காவது பொருள் இரண்டே வரிதான். பார்க்கிங்கில் வாகனங்களைப் பழுது பார்ப்பதற்குத் தடை, 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களை வளாகத்தை விட்டு அகற்றுவது. எந்த வண்டியை மனதில் வைத்து எழுதினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். பேஸ்மெண்ட்டில் லிஃப்டுக்கு இடப்பக்கம் கவர் போட்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறதே, 1994 மாடல் மாருதி 800, அது என்னுடையது. அதற்குக் கீழே இருந்த எண்ணெய்க் கறையும் என்னுடையதுதான். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நீங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் இந்தக் கார் எப்படி வந்தது, இதை ஏன் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டினோம் என்பதைக் கொஞ்சம் எழுத நினைத்தேன். கருமித்தனத்தால் வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கருமித்தனமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதை அதைவிடப் பெரியது. அதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1970-களின் திருச்சியை நினைத்துப் பாருங்கள். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தெருவில் பார்க்க முடிந்த கார்கள் மூன்றே வகை. உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், மெட்ராஸுக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஃபியட் 1974-ல்தான் பத்மினி என்று பெயர் மாறியது. எந்தக் காரை எத்தனை செய்யலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ் முடிவு செய்த காலம். நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கூட வரவில்லை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த காரும் கடைசி வரை வேலை வாங்கும். அம்பாசிடரின் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு ஸ்டார்ட்டிங் ஹாண்டிலும் கிடக்கும். பேட்டரி கைவிட்டால் முன்னால் செருகிக் கையால் சுற்ற வேண்டும். அந்தக் காரை வாங்கியவர் பெரும்பாலும் ஒரு டிரைவரையும் வைத்துக்கொண்டார். பாதி வண்டி ஓட்டுவதற்கு, பாதி மெக்கானிக் வேலைக்கு.

அதே காலத்தில் நம்ம ஊரில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பொன்மலையில் 1920-களின் கடைசியிலிருந்தே ரயில்வே ஒர்க் ஷாப் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறி வந்தது அது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகச் செய்து அனுப்பியதும் அந்த ஒர்க் ஷாப்தான். 1960-களில் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு பெல் பாய்லர் ஆலை வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையும் அந்தப் பத்தாண்டில்தான். இந்த மூன்றையும் சுற்றி எத்தனை ஃபிட்டர், டர்னர், வெல்டர் குடும்பங்கள்! ஒவ்வொரு தெருவிலும் ஸ்பேனர் பிடித்துப் பழகிய ஒரு கையாவது இருந்தது. சென்னைவாசிகளிடம் நான் இதைச் சொல்லிப் பெருமைப்படுவது உண்டு. அவர்கள் நம்புவதில்லை.

திருவெறும்பூர் ஆலையின் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் வி. கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1925-ல் பிறந்தவர். இங்கிருந்து மேலே போய் 1972-ல் பெல் நிறுவனம் முழுவதற்கும் தலைவரானார். 1981-ல் மத்திய அரசு மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பும் வேலை அவரிடம் வந்தது. பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்.சி. பார்கவாவும் மாருதிக்குப் போனார். அதாவது, பாய்லர் செய்த அனுபவத்தோடு போனவர்கள் சின்னக் கார் செய்தார்கள். கிருஷ்ணமூர்த்தி 2022-ல் காலமானார். அந்த வாரம் பேஸ்மெண்ட்டுக்குப் போனபோது நான் காரின் கவரை எடுத்துத் துடைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

1982 அக்டோபரில் ஜப்பானின் சுசூகியோடு ஒப்பந்தம் ஆனது. சுசூகிக்கு அப்போது 26 சதவீதப் பங்கு. கொண்டுவந்த கார் ஜப்பானில் 'கேய்' என்று சொல்லப்படும் சின்னக் கார் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு அங்கே என்ஜின் 550 சி.சி.யைத் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அதே உடம்பில் 796 சி.சி. என்ஜினை வைத்தார்கள். அந்த ஏற்றுமதி மாடல்தான் நமக்கு வந்த 800. மூன்று சிலிண்டர், நாலு கியர், 12 அங்குல டயர், மொத்த எடை ஏறக்குறைய 650 கிலோ. இன்று நம் பேஸ்மெண்ட்டில் நிற்கும் எஸ்.யூ.வி.க்களில் சில இதைப்போல இரண்டரை மடங்கு எடை.

முன்பதிவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். காரின் விலையே ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தியிடமிருந்து வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். அவர் அந்தக் காரை விற்கவே இல்லை. 2010-ல் அவர் இறந்த பிறகு அது வீட்டுக்கு வெளியே துருப்பிடித்து நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது. பிறகு மாருதி நிறுவனமே அதைச் சீர்செய்து தன் தலைமை அலுவலகத்தில் வைத்தது.

1986-ல் உடம்பு மாறியது. கொஞ்சம் உருண்டையாக, கொஞ்சம் இடவசதியோடு. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 800 அதுதான். என்னுடையதும் அந்த வார்ப்புதான்.

இனி வாசலுக்கு வருவோம். 800-ஐ வாங்கியவர் யார்? வங்கி அதிகாரி, பெல் எஞ்சினியர், டாக்டர், காலேஜ் புரொபசர், சின்ன மளிகை மொத்த வியாபாரி. டிரைவர் வைக்கிற ஆள் இல்லை. தானே ஓட்டினார். பல ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்து, காத்திருந்து வாங்கிய பொருள். அதை யாரிடமும் முழுதாக ஒப்படைக்க மனசு வராது. ஆரம்பத்தில் இந்த வண்டியைத் தொடத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைவு. அம்பாசிடர் பட்டறைகளில் 'ஜப்பான் வண்டியா, நமக்குப் புரியாது சார்' என்று கைவிரித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். முன்சக்கரம் இழுக்கும் கார் அவர்களுக்குப் புதுசு. என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருப்பதும் புதுசு.

ஆனால் பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதுதான் இந்தக் காரின் குணம். ஒரு பக்கம் பேட்டரி, மேலே வட்டமாக ஏர் ஃபில்டர், அதற்கடியில் கார்புரேட்டர், என்ஜினில் வரிசையாக மூன்று பிளக், அவற்றுக்கு ஒயர் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். கை நுழைய இடம் இருக்கும். 10, 12, 14, 17 ஸ்பேனர், ஒரு பிளக் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் ஆண்டில் வரும் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். நான்கு லிட்டர் ஆயில் கேன் வாங்கினால் ஒரு சர்வீஸுக்குப் போக மிச்சம் இருக்கும்.

2001-ல் நான் இந்தக் காரை ஆபீஸ் நண்பரிடமிருந்து வாங்கியபோது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வாடகைக்கு இருந்தோம். திண்ணை வைத்த வீடு, ஷெட் கிடையாது. கார் தெருவில்தான். எதிர்வீட்டில் பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். 'வண்டி எப்படிப்பா?' 'மேட்டுல இழுக்க மாட்டேங்குது மாமா, கார்புரேட்டரா இருக்குமோ?' 'கார்புரேட்டரை எல்லாரும் குத்தம் சொல்லுவா. மொதல்ல பிளக்கைக் கழட்டிண்டு வா. அப்புறம் பேசலாம்.'

அன்று கற்றுக்கொண்டது இன்றும் எனக்கு உதவுகிறது. பிளக்கின் முனை வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் என்ஜின் சரியாக எரிகிறது. கரிக்கரி என்று கறுப்பாக, உலர்ந்து இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, அதாவது பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளைவெளேரென்று வெந்திருந்தால் சூடு அதிகம். மூன்று பிளக்கையும் வரிசையாகத் தாளில் வைத்துப் பார்த்தால் எந்த சிலிண்டரில் கோளாறு என்பதும் தெரிந்துவிடும். என் காரில் நடுவில் இருந்தது மட்டும் நனைந்திருந்தது. ஒயர் விட்டுப்போயிருந்தது. கார்புரேட்டரைத் தொடவே இல்லை. 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று நாம் சொல்வது இதைத்தான். மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மேட்டில் எப்படி இழுக்கும்?

அடுத்தது பாயிண்ட். பழைய 800-களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சின்னதாக இரண்டு உலோக முனைகள் தட்டித் தட்டிப் பிரியும். பிரியும் ஒவ்வொரு முறையும் காயிலில் மின்சாரம் அறுந்து பிளக்கில் பொறி விழும். ஓட ஓட அந்த முனைகள் கருகிக் குழி விழுந்துவிடும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அரை மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் காலையில் ஸ்டார்ட் ஆகாது. அடிக்கடி கருகினால் பக்கத்தில் இருக்கும் கன்டென்சர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு டீ, வடை செலவில் வாங்கிய பொருள் அது.

இதைச் சொல்லும்போது ஒரு தேர் ஞாபகம் வருகிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் சித்திரை வீதியில்தான் சுற்றி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிடுவார்கள். நான் வழக்கம்போலக் கடைசி நேரத்தில், ராத்திரி பத்து மணிக்குச் சாவியைத் திருகினால், கார் உறுமியது, பிடிக்கவில்லை. தெரு முழுக்கக் கோலம் போட ஆரம்பித்திருந்தார்கள். மாமா பனியனோடு டார்ச் எடுத்து வந்தார். பாயிண்ட் கருகிக் கிடந்தது. உப்புத்தாள் இருந்தது, ஃபீலர் கேஜ் இல்லை, யாருக்கோ இரவல் போயிருந்தது. மாமா உள்ளே போய் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்து அதன் ஓரத்தைக் கிழித்து இடைவெளியில் செருகி அளந்தார். பிறகு நாலு பேர் தள்ள, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட, தெருமுனையில் பிடித்துக்கொண்டது. 650 கிலோ என்று முன்பே சொன்னேனே, அதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த நாள் தேருக்கு வடம் பிடித்தவர்களில் அந்த நாலு பேரும் உண்டு.

மூன்றாவது எதிரி நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் திருச்சியில் சிக்னலில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 800-ல் ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரில் ஓடும். தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் ஒரு சுவிட்ச் அதை ஓட விடும். அந்தச் சின்ன சுவிட்ச் செத்தால் ஃபேன் நின்றுவிடும். முள் மேலே ஏறும். ஓட்டுகிறவர் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் வளைந்துவிடும், ஹெட் கேஸ்கட் போய்விடும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம். அதோடு வாசல் வேலை முடிந்தது, பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அப்போதைய ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் எல்லாரும் இந்த ஒன்றுக்குத்தான் பயந்தார்கள். கூலண்ட் விலை அதிகம் என்று போர் தண்ணீரை ஊற்றியவர்களின் ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து சில வருஷத்தில் அடைத்துக்கொண்டது. பானைக்கு அடியில் படிகிற அதே வெள்ளை. நானும் ஒரு வருஷம் அந்தச் சிக்கனம் பிடித்தேன். ரேடியேட்டர் கழற்றிச் சுத்தம் செய்த கூலியில் ஐந்து வருஷத்துக்குக் கூலண்ட் வாங்கியிருக்கலாம்.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், ஹெட் வேலை எல்லாம் அவர்கள் கையில்தான் நடந்தது. டிங்கரிங், பெயிண்டிங்கும் அப்படியே. ஆனால் வாசலில் பிளக் கழற்றிப் பார்த்தவர் பட்டறைக்குப் போகும்போது 'என்னமோ சத்தம் வருது, பாத்து செய்யுங்க' என்று சொல்ல மாட்டார். இரண்டாவது சிலிண்டர், இடது முன்சக்கரம் என்று இடத்தைச் சொல்வார். பில் போடுகிறவரின் பேனா அங்கே கொஞ்சம் தயங்கும். ஒருமுறை ஊர் பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு பட்டறையில் என்னிடம் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சோக் கேபிள் பாதியில் சிக்கியிருந்தது. இரண்டு சொட்டு ஆயிலில் முடிந்த காரியம்.

உதிரி பாகம் எப்படி இத்தனை வருஷம் கிடைத்தது? இங்கே ஒரு அதிர்ஷ்டம். 1984-ல் மாருதி இதே என்ஜினை வைத்து வேன் ஒன்றை விட்டது. பிறகு அதற்கு ஆம்னி என்று பெயர் வந்தது. ஸ்கூல் டிரிப், ஆம்புலன்ஸ், பூ மார்க்கெட், கல்யாணச் சாமான் என்று அது ஓடாத இடம் இல்லை. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்ற பிறகும் ஆம்னி 2019 வரை வந்தது. ஆகவே என்ஜின் சாமான்களைக் கடைக்காரர்கள் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் நான் டவுனில் கடைக்குப் போய் 'எண்ணூறுக்கு' என்று கேட்பதில்லை, 'ஆம்னிக்கு' என்றுதான் கேட்கிறேன். உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். கதவுக் கண்ணாடி, டாஷ்போர்டு சாமான்தான் கஷ்டம். அதற்குப் பழைய இரும்புக்கடையில் தவம் கிடக்க வேண்டும்.

பிறகு என்ன ஆனது? 2000-ஐ ஒட்டி எல்லாம் சேர்ந்து மாறியது. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான். புகைக் கட்டுப்பாடு இறுகியது. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பெட்ரோலை எவ்வளவு, எப்போது தெளிப்பது என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பாயிண்ட் இல்லை, சோக் இல்லை, காலையில் ஒரே திருகலில் ஸ்டார்ட். காற்றுக்கும் நல்லது, மைலேஜுக்கும் நல்லது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பானெட்டைத் தூக்கிப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஸ்கேனர் மாட்டிக் கேட்க வேண்டும். 2010-ல் புகை விதி இன்னும் இறுகியபோது சென்னை உட்பட 13 நகரங்களில் 800-ஐ விற்பதை நிறுத்தினார்கள். திருச்சி அந்தப் பட்டியலில் இல்லாததால் இங்கே இன்னும் கொஞ்ச காலம் விற்றது.

கார் மாறியதை எல்லாரும் சொல்கிறார்கள். வீடு மாறியதை யாரும் சொல்வதில்லை. தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் வயலூர் ரோட்டிலும் வாசல் வைத்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து நம்மைப் போன்ற அபார்ட்மெண்ட்கள் எழுந்தன. ஸ்ரீரங்கத்திலும் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் பாருங்கள். திண்ணை போனது, எதிர்வீட்டு மாமா போனார். ஜாக்கி போட இடமில்லை. கழற்றினால் போல்ட் பக்கத்து ஸ்லாட்டுக்கு உருளும். பக்கத்து ஸ்லாட்காரருக்கு அது பிடிக்காது, பிடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. என்னைக் கேட்டால், வாசல் வேலையை நிறுத்தியதில் எம்.பி.எஃப்.ஐ.யைவிட பேஸ்மெண்ட்டுக்குப் பங்கு அதிகம்.

இப்போது நான்காவது பொருளுக்கு வருகிறேன். முதலில் '15 ஆண்டு' விஷயம். 15 வருஷமானால் காரை ஓட்டக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சம்பந்தப்பட்ட கதை. அங்கே நீதிமன்ற உத்தரவுகளால் பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தது. இங்கே 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யை ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி உண்டு. என் கார் 2009, 2014, 2019, 2024 என்று நான்கு முறை போய் வந்திருக்கிறது. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025-ல் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் பத்தாயிரம் ஆக்கினார்கள். 2029-ல் நான் அதைக் கட்டுவேனா என்று இப்போதே வீட்டில் கேட்கிறார்கள்.

பழைய கார் புது காரைவிட அதிகம் புகை விடும் என்பது உண்மை. அதனால்தான் நான் மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எடுக்கிறேன், பெரும்பாலும் ஸ்ரீரங்கம் வரை. புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கின்றன, செகரட்டரியிடம் காப்பி கொடுத்திருக்கிறேன். புதிதாக வந்த கவலை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை அது நாளடைவில் கெடுக்கும். ஈரத்தை இழுக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் போன வருஷம் புதிதாக மாற்றிவிட்டேன். உங்களிடம் 2023-க்கு முந்தைய வண்டி, பைக் உட்பட, நிறைய நாள் நிறுத்தி வைத்திருந்தால் நீங்களும் ஹோஸை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பேஸ்மெண்ட்டில் செய்யக் கூடாத வேலைகள் உண்டு. இதில் அசோசியேஷன் பக்கம்தான் நானும். பெட்ரோலில் கார்புரேட்டர் கழுவுவது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பேஸ்மெண்ட்டில் தரையோடு தேங்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். என்ஜினை ஓடவிட்டு டியூனிங் செய்வதும் கூடாது. புகை மேலே ஏ பிளாக் படிக்கட்டு வழியாகப் போகிறது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பது எங்கேயும் கூடாது. இவற்றை நான் இங்கே செய்ததில்லை. ஆனால் ஆயில் மாற்றினேன், தட்டு சரியாக வைக்காமல். கறை அப்படி வந்ததுதான். சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், முழுக்கப் போகவில்லை. செக்யூரிட்டி தம்பி எனக்காகத் திட்டு வாங்கினார். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். நான்காவது பொருளை இரண்டாகப் பிரித்து ஓட்டுக்கு விடுங்கள். வயதை வைத்து அகற்றுவதற்குப் பதில், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று இல்லாத வண்டியை அகற்றலாம். காற்றிறங்கிய டயரோடு தூசி மூடி நிற்கும் மூன்று வண்டிகளுக்கு அது பொருந்தும், அதில் இரண்டு பத்து வருஷம்கூட ஆகாதவை. பழுது வேலையைப் பொறுத்தவரை, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் காம்பவுண்டு ஓரமாகத் திறந்தவெளியில் ஒரு வண்டி நிற்கிற இடம் சும்மா கிடக்கிறது. ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பிளக், பேட்டரி, ஏர் ஃபில்டர், டயர், ஸ்கூட்டர் செயின் போன்ற சின்ன வேலைகளுக்கு அதை விடலாம். எண்ணெய் சிந்தினால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று எழுதிக்கொள்ளுங்கள், முதல் ரசீதை என் பெயரில் போட்டுவிடுங்கள். பழைய ஆயிலை ட்ரெய்னேஜில் ஊற்றாமல் கேனில் பிடித்து ரீசைக்கிளிங் எடுப்பவரிடம் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஏர் பம்ப், ஜம்பர் கேபிள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபீலர் கேஜ் மட்டும் இரவல் தர மாட்டேன். இருக்கிற இடத்துக்கே வந்து அளந்துகொள்ளுங்கள்.